கேபிள்காரன் மகள்

முன் சீட்டுல அந்தப் பிள்ளையைப் பாத்தீங்களா அண்ணாச்சி? ஆறு மாசம் இருக்குமா? ராஜபாளையத்துல ஏறினதுல இருந்து அவ அம்மா போனைக் காட்டிட்டே வாரா, அதுவும் கண்ணைக் கொட்டாமப் பாத்துட்டு வருது. ஒரு சிணுங்கல் இல்ல. அதுல தப்பு ஒண்ணும் கிடையாது. எங்கிட்ட டாக்டரே சொல்லியிருக்காரு. ஊர்ல உள்ளவங்கதான் ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. என்னைப் பேசின பேச்சு இருக்கே, அதைக் கேட்டா நீங்களே சொல்லுவீங்க, இந்த மனுசன் என்னய்யா பாவம் பண்ணினான்னு.

நான் திருமங்கலத்துல இறங்கணும். நீங்க மதுரையா? அப்பம் நேரம் கிடக்கு.

எம் பேரு பூசைத்துரை. அப்படிக் கேட்டா ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. கேபிள் துரைன்னு கேளுங்க, சின்னப்பிள்ளை கூட கையைப் பிடிச்சுக் கொண்டாந்து வீட்டுல விட்டுரும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்க எங்க ஊரு. கல்யாணக் குடை மாதிரி ஒரு டிஷ்ஷை மொட்டை மாடியில ஏத்தி, ஊருக்கு முதமுதல்ல படம் காட்டினவன் நான். அப்பம் பொம்பளைக ஆரத்தி எடுக்காத குறைதான். இப்பம் எல்லாரும் போன்ல பாக்காங்க, அது வேற கதை. ஆனாலும் என் லைனு இன்னும் ஓடுது. உள்ளூர் சேனலும் இருக்கு. பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, கோவில் கொடை எல்லாம் அதுலதான்.

எல்லாமே என் வீட்டு ஹால்லதான் அண்ணாச்சி. மெயின் லைன் வந்து சேருத பெட்டி, இன்வெர்ட்டர், வயரு, எல்லாத்தையும் ஒரு இரும்பு அலமாரிக்குள்ள வச்சிருக்கேன். பக்கத்துல பெரிய டிவி. அது நாங்க பொழுதுபோக்கப் பாக்குத டிவி இல்ல, நல்லாக் கேட்டுக்கோங்க. கடைக்காரனுக்குத் தராசு எப்படியோ, எனக்கு அது அப்படி. நான் எந்நேரமும் அது முன்னால உக்காந்திருக்க முடியுமா? மாடியில நிப்பேன், வாசல்ல வயரு சுத்திட்டு இருப்பேன். அதனால சத்தத்தைக் கூட்டி வச்சிருவேன். எங்க நின்னாலும் எனக்குக் கேக்கணும். சத்தம் நின்னுட்டா லைன் போச்சுன்னு அர்த்தம். சனம் போன் பண்ணுததுக்கு முன்னால நான் ஓடிப் போய் சரி பண்ணிருவேன். அப்படித்தான் பேரு எடுத்தேன்.

இதெல்லாம் மாரிச்செல்விக்குத் தெரியும். மாரிச்செல்வி என் சம்சாரம். கட்டிட்டு வந்த அன்னிக்கே அந்த டிவி ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழதான் பாலும் பழமும் சாப்பிட்டோம். அப்பம் அவ ஒண்ணும் சொல்லலியே.

எங்களுக்கு ரொம்ப வருசமாப் பிள்ளை இல்ல. போகாத கோவில் இல்ல, பாக்காத வைத்தியம் இல்ல. அவளுக்குத் தாயும் கிடையாது, ஒரே ஒரு அண்ணன் செண்பகராஜ், திருமங்கலத்துல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான். நான் லைன் பாக்கப் போயிருவேன், அவ தனியா வீட்டுல கிடப்பா. அந்தக் காலத்துல அந்த டிவிதான அவளுக்குத் துணை? கேட்டா இல்லைன்னு சொல்லுதா. "அது பேசிட்டே இருக்கும், நான் பேசினா யாருக்குக் கேட்டுச்சு"ங்கா. இப்பம் சொல்லுதா.

அப்புறம் பிறந்தா அண்ணாச்சி, பொம்பளைப் பிள்ளை. தன்ஷிகான்னு பேரு. ஜோசியர் 'த'வுல வைக்கச் சொன்னாரு. கண்ணு ரெண்டும் அப்படியே எங்க ஆத்தா கண்ணு. அவ பிறந்த சேதியை அன்னிக்கே நம்ம சேனல்ல ஓட விட்டேன், படத்தோட. ஊரே பாத்துச்சு.

எங்க வீட்டு உள் அறையில பழைய டிஷ்ஷு, வயர் சுருள், உடைஞ்ச பெட்டின்னு சாமான் அடைஞ்சு கிடக்கும், காத்தும் வராது. அதனால ஹால்லதான் தொட்டில் கட்டினேன். டிவிக்கு நேர் கீழ. பாக்க வந்தவங்க ஒருத்தர் பாக்கியில்லாம வாய் பிளந்தாங்க. "இம்புட்டு சத்தத்துல பச்சப்பிள்ளை எப்படிய்யா தூங்குது"ன்னு கேப்பாங்க. தூக்கிவாரிப் போடணும்லா? போடாது. சண்டைக்காட்சி ஓடும், வெடி வெடிக்கும், இவ பாட்டுக்கு நிம்மதியாத் தூங்குவா. நான் சொல்லுவேன், "கேபிள்காரன் மகள்லா, வயித்துக்குள்ள இருக்கும்போதே பழகிட்டா"ன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. கொஞ்ச நேரம் பிள்ளையைப் பாப்பாங்க, அப்புறம் அப்படியே உக்காந்து டிவியைப் பாப்பாங்க. காபி போட்டுக் கொடுத்துட்டு மாரிச்செல்வி சுவரோரமா நிப்பா.

அவ மட்டும் சிரிக்க மாட்டா.

ஆஸ்பத்திரியில விடும்போது ஒண்ணு சொல்லித்தான் விட்டாங்க. பிள்ளைக்குக் காது பாக்க மிஷின் இருக்கு, அடுத்த மாசம் கொண்டாந்து ஒரு தடவை பாத்துருங்கன்னு. அடுத்த மாசம் ஆடித்தபசுத் திருவிழா. கோவில்ல இருந்து நேரடியா நம்ம சேனல்ல காட்டணும். தெருத்தெருவா வயர் இழுத்துட்டு நான் நாயா அலையுதேன். அவ வந்து, "காது பாக்கப் போகணும்னு சொன்னாங்களே"ங்கா. தபசு முடியட்டும்னேன். தபசு முடிஞ்சதும் இடி விழுந்து பாதி ஊருக்கு லைன் போயிட்டு. அப்புறம் அது அப்படியே போச்சு. அவளும்தான் தனியாக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். பஸ் என்ன ஓடலியா? பிள்ளை பெத்த உடம்புங்கா. சரி, அதை விடுங்க.

ஊசி போட, எடை பாக்கன்னு ஒரு நர்சம்மா வீட்டுக்கு வருவா. அவ ஒரு நாள் வாசல்ல ஏறினதும் ஏறாததுமா, "அண்ணே, முதல்ல டிவியை அணைங்க"ன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. "பச்சப்பிள்ளை இருக்குத வீட்டுல இப்படி நாள் பூரா ஓட விடக்கூடாது. பிள்ளை முகத்தைப் பாத்து நீங்க பேசணும். பெட்டி பேசுததைக் கேட்டுப் பிள்ளைக்குப் பேச்சு வராது"ங்கா. நான் கேட்டேன், "ஏம்மா, உங்க வீட்டுக்குக் கனெக்சன் யாரு கொடுத்தது?"ன்னு. அவ எடையைப் பாத்துட்டு எழுந்திருச்சா. போகும்போது மாரிச்செல்விகிட்ட வாசல்ல நின்னு ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசினா. டிவி சத்தத்துல எனக்கு ஒண்ணும் விழல. அன்னியில இருந்துதான் இவ மாறினா. அவ ஏத்திவிட்டதுதான் எல்லாம்.

நான் பிள்ளை மேல பாசம் இல்லாதவன் இல்ல அண்ணாச்சி. அந்த நர்சம்மா சொன்னதை மனசுல வச்சுத்தான் ஒண்ணு செஞ்சேன். நம்ம சேனல்ல காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் குழந்தைப் பாட்டா ஓட விட்டேன். யானை ஆடும், காக்கா பாடும், நிலா வரும். எம் மகளுக்காக! ஊர்ல எத்தனை பிள்ளைக அதைப் பாத்துப் பாட்டுப் படிச்சுதுக தெரியுமா? பால்வாடி டீச்சர் வந்து எனக்கு நன்றி சொன்னா. தன்ஷியும் அப்படிப் பாப்பா. காலை உதைச்சுக்கிட்டு, கையை ஆட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. பாட்டு மாறினா டக்குன்னு திரும்புவா. "பாத்தியா, பாட்டு மாறினது அவளுக்குத் தெரியுது, என்னா சூட்டிக்கு!"ன்னு மாரிச்செல்விகிட்ட சொன்னேன். அவ சொன்னா, "பாட்டு மாறும்போது வெளிச்சம் மாறுதுங்க."

எனக்கு விளங்கல. வெளிச்சம் மாறினா என்ன?

ஒரு நாள் மாடியில நிக்கேன், திடீர்னு கீழ சத்தம் நின்னு போச்சு. லைன்தான் போயிட்டுன்னு விழுந்தடிச்சு இறங்கி வாரேன். வந்து பாத்தா, படம் ஓடுது! யானை ஆடிட்டு இருக்கு. இவ ரிமோட்டை வச்சுச் சத்தத்தை மட்டும் நிறுத்திட்டு, பிள்ளையையே பாத்துட்டு உக்காந்திருக்கா. பிள்ளை எப்பவும் போலக் காலை உதைச்சுச் சிரிச்சிட்டு இருக்கு. எனக்கு வந்துச்சே கோவம். நான் கால் ஒடிய ஓடி வாரேன், இவ விளையாடுதா. "பாக்கணும்னா ஒழுங்காப் பாரு, இல்லைன்னா அணைச்சுப் போடு, இது என்ன கோட்டித்தனம்"னேன். அவ முகத்தைத் தூக்கிப் பாத்தா. அழுதிருந்தா. "சத்தம் இருக்கும்போதும் இப்படித்தான் சிரிக்கா, இல்லாதப்பவும் இப்படித்தான் சிரிக்கா"ன்னா. நான் சொன்னேன், "சிரிச்சா நல்லதுதானட்டி? அழச் சொல்லுதியா?"

இன்னொண்ணு கேளுங்க. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, அது கையை எடுத்துத் தன் தொண்டைக்குழியில வச்சு அமுத்திக்கிட்டு ராராட்டுப் பாடுவா. என்னட்டி செய்யுதன்னு கேட்டாலும் பாட்டை நிறுத்த மாட்டா. எங்க தெருவுல சந்தனமாரி அக்கான்னு ஒருத்தி. அவளே வந்து எங்கிட்ட சொன்னா, "துரை, உம் பெண்டாட்டிக்கு ராத்திரி தூக்கமில்லாம மூளை குழம்பியிருக்கும்போல, மந்திரிச்சுக் கயிறு கட்டு"ன்னு. கட்டினேன்.

டிவியை அணைங்கன்னு அவ கேக்காத நாளே இல்லைன்னு ஆயிட்டு. "ஒரு மணி நேரம் போதும். வீடு சும்மா இருக்கணும், நான் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாக்கணும்"பா. கூப்பிட வேண்டியதுதான, யாரு வேண்டாம்னது? "இந்தச் சத்தத்துல கூப்பிட்டா, அவ திரும்பாததுக்கு டிவிதான் காரணம்னு நீங்க சொல்லுவீங்க"ன்னா. பாத்தீங்களா பேச்சை? நான் சொல்லாததை நான் சொல்லுவேன்னு சொல்லுதா. அவ அண்ணன் வேற போன்ல, "மாப்ளை, டிவியைத்தான் கொஞ்சம் நிறுத்தினா என்ன"ன்னான். எனக்குப் புரிஞ்சு போச்சு. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் என் தொழில் கேவலமாப் போச்சு. கம்பத்துல ஏறுதவன்தானன்னு ஒரு இளக்காரம். அதுக்கப்புறம் நானும் வீம்புக்கு நிறுத்தல. சாப்பிடும்போது கூட நிறுத்தல.

தன்ஷி உக்காந்தா. தவழ்ந்தா. அப்பா, அம்மா, தாத்தான்னு அந்த வயசுப் பிள்ளைக வாய்க்குள்ள எதையாவது உருட்டும்லா? இவ கொஞ்ச நாள் ஊ, ஆன்னா, அப்புறம் அதையும் நிறுத்திட்டா. நான் கவலைப்படல. எங்க சித்தப்பா மகன் மூணு வயசுலதான் பேசினான். இப்பம் வக்கீலா இருக்கான்.

அப்பம்தான் அந்தச் சாயங்காலம் வந்துச்சு.

கிரிக்கெட்டு இறுதிப் போட்டி அண்ணாச்சி. கடைசி ஓவர். ஊரே பெட்டி முன்னால உக்காந்திருக்கு. நான் பஜார்ல ஒரு டீக்கடையில பாத்துட்டு நிக்கேன். பந்தை எறிய ஓடி வாரான், அப்படியே படம் கறுத்துப் போச்சு. டீக்கடைக்காரன் என்னைப் பாக்கான். எதிர்க்கடைக்காரன் என்னைப் பாக்கான். எங்க லைன் உள்ள மூணு தெருவும் ஒரே நேரத்துல "ஓ"ன்னு கத்துது. நான் வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் பறக்கேன். எனக்குப் பின்னால ஒரு கூட்டமே வருது.

வீட்டுல பாத்தா கரண்டு இருக்கு. அலமாரி திறந்து கிடக்கு. மெயின் லைன் பெட்டியை அணைச்சு, இன்வெர்ட்டர் வயரையும் பிடுங்கிப் போட்டிருக்கா. நடு ஹால்ல பிள்ளையை உக்கார வச்சு, அது முன்னால ஒரு பொம்மையைப் போட்டுட்டு, இவ நிக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கா.

"யாரைக் கேட்டு அணைச்ச?"ன்னு கையை ஓங்கினேன். ஓங்கினது நிஜம். அடிக்கல. வாசல்ல, சன்னல்லன்னு அடைச்சுக்கிட்டு ஊரே நிக்கு. ஆளாளுக்குக் கத்துதாங்க, "போடுய்யா, மேட்ச் முடிஞ்சிரும்"னு. பிரமநாயகம்னு எங்க தெருவுல ஒரு பெரியவர், சத்தமாப் பேசாத மனுசன், அவரே "துரை, சீக்கிரம்"ங்காரு. இவ என்னைப் பாக்கல. அவங்களைப் பாத்துக் கும்பிட்டா. "எல்லாரும் ஒரு நிமிசம் பேசாம இருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன், ஒரு நிமிசம்."

அவ குரல் அப்படி இருந்துச்சு. எல்லாரும் அடங்கிட்டாங்க.

எங்க வீடு அவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி. காத்தாடி சுத்துத சத்தம் கேக்கு. யாரோ செருமுதது கேக்கு. இவ அடுப்படிக்குப் போனா. தண்ணி பிடிக்க வச்சிருந்த பெரிய பித்தளைச் சருவத்தைத் தூக்கிட்டு வந்தா. பிள்ளைக்குப் பின்னால நின்னு, தலைக்கு மேல தூக்கி, சிமெண்டுத் தரையில போட்டா.

கோவில் மணி அறுந்து விழுந்த மாதிரி இருந்துச்சு. சந்தனமாரி அக்கா "எம்மா"ன்னு அலறிட்டா. நான் ரெண்டு எட்டு பின்னால போயிட்டேன். வாசல்ல நின்ன நாய் ஓடிப் போச்சு.

தன்ஷி பொம்மையோட காலைப் பிடிச்சு வாயில வச்சுக்கிட்டு இருந்தா. திரும்பல. கண்ணு கூட சிமிட்டல.

சருவம் உருண்டு சுத்திச் சுத்தி அவ முன்னால வந்து நின்னுச்சு. அதைக் கண்டதும் அவளுக்குச் சந்தோசம். பளபளன்னு இருக்குல்லா? பிடிக்கக் கையை நீட்டினா.

பிரமநாயகம் அண்ணாச்சிதான் முதல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டு இறங்கிப் போனாரு. ஒவ்வொருத்தராப் போனாங்க. அன்னிக்கு மேட்ச்சுல யாரு ஜெயிச்சான்னு ஒருத்தனும் எங்கிட்ட வந்து சொல்லல. நான் நாலு பேருக்கு முன்னால, என் வீட்டுக்குள்ள, தலை குனிஞ்சு நின்னேன்.

இதைத்தான் நான் கேக்கேன் அண்ணாச்சி. இவ்வளவு ஊரைக் கூட்டி அவ இதைச் செய்யணுமா? புருசன் பெண்டாட்டி தனியா இருக்கும்போது, "ஏங்க, பிள்ளைக்குக் காது கேக்கலைன்னு தோணுது"ன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நான் கேக்க மாட்டேன்னா சொல்லுவேன்? அவகிட்டயும் இதைக் கேட்டேன். என்னையே பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அதுக்கப்புறம் அவ எங்கிட்ட அதிகம் பேசுததே இல்ல.

மதுரையில கொண்டு போய்க் காட்டினோம். ரெண்டு காதும் கேக்கல. பிறவியிலேயே. நான் டாக்டர்கிட்ட நேராவே கேட்டுட்டேன், "சார், வீட்டுல டிவி சத்தமா ஓடும், அதனாலயா?"ன்னு. அவரு சொன்னாரு, "டிவியால காது போகல"ன்னு. எனக்குப் போன உசிரு வந்துச்சு. "சார், இதை ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க, என் மச்சினன்கிட்ட காட்டணும்"னேன். அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, "டிவியால காது போகல. கேக்கலைங்கதுதான் டிவியால தெரியாமப் போச்சு. பிறந்த உடனே தெரிஞ்சிருந்தா எவ்வளவோ நாள் மிச்சம்"னாரு. சரி, டாக்டர்னா எதையாவது சொல்லத்தான் செய்வாரு. முதல்ல சொன்னாருல்லா, அதுதான முக்கியம்? அந்த முதல் பாதியை நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

அரசாங்கத் திட்டத்துல ஆபரேசன் பண்ணினாங்க. தலைக்குள்ள ஒண்ணு, காதுக்கு வெளியில ஒண்ணு, காந்தம் மாதிரி ஒட்டிக்கும். மிஷினை முதமுதல்ல போட்ட அன்னிக்குத் தன்ஷி வீல்னு அழுதா. பயம். சத்தம்னா என்னன்னே தெரியாதுல்லா. மாரிச்செல்வி அவளைக் கட்டிக்கிட்டு, காதுக்குப் பக்கத்துல "அம்மா, அம்மா, அம்மா"ன்னு சொல்லிட்டே இருந்தா. நானும் பக்கத்துலதான் நின்னேன். செல்போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தேன்.

மிஷின் போட்டா மட்டும் போதாதாம். கேக்குதது என்ன, ஏதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் கொடுக்கணுமாம். அதுக்குப் பயிற்சி. வீடு அமைதியா இருக்கணும், ஆளு பேசுத சத்தம்தான் பிள்ளைக்கு முதல்ல போகணும்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதும் இவ நேரா அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. "அந்தப் பெட்டி இருக்குத ஹாலுக்கு எம் பிள்ளையைக் கொண்டு வரமாட்டேன்"னுட்டா. நான் தொழிலை எங்க தூக்கிட்டுப் போவேன்? வேற கட்டடம் பாத்து மாத்துங்கங்கா. சொல்லுதது சுலபம். கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சு வைக்கேன்னு கூடச் சொல்லிப் பாத்தேன். அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

இப்பம் நான் மட்டும்தான் அந்த வீட்டுல. டிவி ஓடுது. ஆமா, ராத்திரியும்தான். தொழிலுக்காக இல்ல, ராத்திரி லைன் போனா இப்பம் யாரு கேக்கா? ஒரு தடவை அணைச்சுப் பாத்தேன். அன்னிக்கு மாதிரியே காத்தாடிச் சத்தம் கேட்டுச்சு. என்னால படுக்க முடியல. எழுந்திருச்சுப் போட்டுட்டேன்.

வாரம் ஒரு தடவை இப்படிப் பஸ் ஏறி வாரேன். பயிற்சிக்கு அப்பாவும் வரணும்னு திருமங்கலத்துல பயிற்சி கொடுக்குத டீச்சரம்மா சொல்லியிருக்கா. தன்ஷிக்கு மூணு முடிஞ்சுட்டு. இப்பம் அம்மாங்கா, மாமாங்கா. தா, பூ, வாங்கா. சோத்தை 'தோ'ங்கா. கேக்க அவ்வளவு அழகா இருக்கும்.

போன வாரம் ஒரு விளையாட்டு வச்சாங்க. பிள்ளையை அந்தப் பக்கம் பாத்து உக்கார வச்சு, கையில பாசிமணியைக் கொடுத்துட்டாங்க. பின்னால நின்னு ஒவ்வொருத்தரா அவ பேரைச் சொல்லணும். யாரு கூப்பிட்டாலும் திரும்பி அவங்களைப் பாக்கணும். மாரிச்செல்வி மெதுவா, "தன்ஷி"ன்னா. உடனே திரும்பிட்டா. பல்லு பூரா தெரியச் சிரிப்பு. செண்பகராஜ் கூப்பிட்டான். "மாமா"ன்னு திரும்பினா. டீச்சரம்மா கூப்பிட்டா, திரும்பினா. அப்புறம் என்னைக் கூப்பிடச் சொன்னாங்க.

"தன்ஷி"ன்னேன்.

திரும்பல. மணியைக் கோத்துட்டு இருக்கா.

மறுபடியும் கூப்பிட்டேன். மிஷின்ல பேட்டரி தீந்திருக்கும்னு சொன்னேன். டீச்சரம்மா கழட்டிப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னா. இந்தத் தடவை மூச்சைப் பிடிச்சுக் கத்தினேன். பிள்ளை தோளைக் குறுக்கினா, அவ்வளவுதான். டீச்சரம்மா என் கையைத் தொட்டு, "சத்தம் போடாதீங்க சார். அவளுக்குக் கேக்குது. அது தன்னைக் கூப்பிடுத குரல்னு இன்னும் தெரியல"ன்னா. கெட்ட எண்ணத்துல சொல்லல, நல்ல பொண்ணுதான். மாரிச்செல்வி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

தினமும் போன்ல பேசுங்க, வரும்போது பக்கத்துல உக்காந்து பேசுங்கன்னாங்க. என்ன பேசன்னு கேட்டேன். கண்ணுல காணுததைச் சொல்லுங்க, கையால செய்யுததைச் சொல்லுங்க, அது போதும்னாங்க. அன்னிக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில கொடுத்து, பிள்ளை முன்னால என்னை உக்கார வச்சாங்க. "இது... ஆரஞ்சு"ன்னேன். "அப்பா... உரிக்கேன்"னேன். அவ என் வாயையே பாக்கா. அப்புறம் எனக்கு ஒண்ணும் வரல அண்ணாச்சி. ஊருக்கே சேனல்ல அறிவிப்புச் சொல்லுதவன் நான், மைக்கைப் பிடிச்சா நிறுத்த மாட்டேன். பழத்தை உரிச்சு முடிச்சுட்டேன், சுளையும் பிரிச்சுட்டேன், வாயில வார்த்தை இல்ல. அவ பாத்துட்டே இருக்கா. அடுத்தது ஏதோ வரும்னு காத்துட்டு இருக்கா. சட்டைப் பையில இருந்து போனை எடுத்து, ஒரு யானைப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மாரிச்செல்வி வந்து, போனை என் கையில இருந்து வாங்கி மேசை மேல கவுத்தி வச்சுட்டா.

இன்னிக்கும் உக்கார வைப்பாங்க. திருமங்கலத்தைத் தாண்டிட்டோமா? பேச்சு சுவாரசியத்துல இடமே தெரியல. இல்ல, இன்னும் வரல.

உங்க வீட்டுல பேரனும் பேத்தியுமா இருக்குன்னீங்க. ஒண்ணு கேக்கேன், சிரிக்கக் கூடாது. வெளியில போயிட்டு வீட்டுக்குள்ள நுழையுதீங்க, பிள்ளை உங்களைப் பாத்துட்டு நிக்கு. அப்பம் என்ன சொல்லுவீங்க? நீங்க பாட்டுக்குச் சொல்லுவீங்கல்லா, யோசிக்காம, அதைத்தான் கேக்கேன்.

திருமங்கலம் வந்துட்டு. இருக்கட்டும், கண்டக்டர் கத்தத்தான் செய்வான், வண்டி நிக்கும். சொல்லுங்க அண்ணாச்சி. முதல் வார்த்தை மட்டும் சொல்லுங்க.